எங்க ஊர் பரோக் சீசனும் பேஸ் வரிசை கடைசி சேரும்

நவம்பர்லேர்ந்து எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு இப்ப பெரிய வெள்ளியும் முடிஞ்சு போச்சு. வேலூர் வெயில் ஆரம்பிச்சாச்சு, ஃபேன் போட்டா அனல்தான் எறங்குது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல மொட்டமாடில பாய் போட்டாதான் மனுஷனுக்கு எதையாவது யோசிக்கவே தோணுது, அதனால இப்ப எழுதறேன்.

விஷயம் இன்னான்னா, சென்னைக்காரங்களுக்கு மார்கழி சீசன் இருக்கற மாதிரி நாங்க ஒரு பதினெட்டு பேர் சேந்து இந்த வருஷம் வேலூர்ல ஒரு பரோக் சீசன் நடத்திட்டோம். சீசன்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தான், மொத்தமே அஞ்சு சாயங்காலம், ரெண்டு நாங்களே பாடினது, ரெண்டு புரொஜெக்டர் போட்டு எல்லாரும் உக்காந்து கேட்டது, கடைசி ஒண்ணு மட்டும் பாதி பாட்டு பாதி கேக்கறது. டிக்கெட் கெடயாது. சபா கேன்டீன் மாதிரி எங்களுக்கும் ஒண்ணு இருந்துச்சு, பெரிய ஃபிளாஸ்க்ல டீ, ஒரு குண்டான் நெறைய வேகவெச்ச மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு நாள் மட்டும் யாரோ ஆற்காட்லேர்ந்து மக்கன் பேடா வாங்கிட்டு வந்தாங்க, அன்னிக்கு கூட்டம் அறுபது தாண்டிடுச்சு. விவால்டிக்கு வந்தாங்களா பேடாவுக்கு வந்தாங்களான்னு நான் தோண்டிப் பாக்கல.

பரோக்னா இன்னான்னு கேக்கறவங்களுக்கு ரெண்டே வரி. ஐரோப்பாவுல சுமாரா 1600லேர்ந்து 1750 வரைக்கும் வந்த இசை, பாக், ஹேண்டல், விவால்டி இவங்கல்லாம் அந்த காலத்து ஆளுங்க. பியானோ இன்னும் பெருசா பரவாத நேரம், ஹார்ப்சிகார்டுன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, பாக்க கீபோர்டு மாதிரி இருக்கும் ஆனா உள்ள கம்பிய சுத்தியால தட்டாம வீணைல மீட்டற மாதிரி சுண்டி விடும். மோஸார்ட், பீத்தோவன்லாம் அப்பறம் வந்தவங்க. போதும்.

இப்ப என் கதை. நான் பேஸ். சர்ச் கொயர்ல, அதாவது சேந்து பாடற கோஷ்டில, ஆம்பளக் குரல்லயே ஆகக் கீழ்க்குரலான பேஸ் பாடறவன். பதினாலு வயசுல ஒரு ஞாயித்துக்கெழம முன் வரிசைல நின்னு பாடிட்டு இருக்கும்போதே தொண்டை உடஞ்சு கெணத்துத் தவளை மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, கொயர் மாஸ்டர் ஐயா திரும்பிக்கூட பாக்கல, "தம்பி, நீ பின்னாடி போயி ஃபேனுக்கு கீழ உக்காந்துக்க"ன்னார். அன்னிலேர்ந்து இருவத்திரெண்டு வருஷம், அதே வரிசை, அதே ஃபேன். பேஸ் பாடினவங்களுக்குத் தெரியும், நமக்கு பாட்டே கெடயாது. ராகம் பூரா பொம்பளங்க மேல்குரலான சொப்ரானோவுக்கு. ஆம்பளங்க மேல்குரலான டெனருக்கு ஒரு ஹை நோட்டு குடுத்துடுவாங்க, அத வெச்சுக்கிட்டு அவங்க பண்ற அலப்பறை இருக்கே, அதுக்கே தனியா எழுதணும். நமக்கு டோ டோ சோ சோ டோ. வீட்ல ப்ராக்டிஸ் பண்ணா அம்மா அடுப்பங்கரைலேர்ந்து "இன்னாடா பாட்டு அது, கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடற மாதிரி கீது"ம்பாங்க. அவங்களுக்கு ஞானப்பாட்டும் கீர்த்தனையும் நூத்துக்கணக்குல மனப்பாடம், அப்படியும் நான் பாடறது எந்தப் பாட்டுன்னு ஒரு தடவ கூட அவங்களால கண்டுபிடிக்க முடிஞ்சதில்ல.

வேலை எனக்கு ராணிப்பேட்டைல, லெதர் கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட்ஸ், தெனம் போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம் பஸ். ஒரு நாள் காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு தூங்கிட்டேன், யூடியூப் அது பாட்டுக்கு ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு போட்டுக்கிட்டே போயி பாக்ல வந்து நின்னுருக்கு. முழிச்சப்ப மேல ஓபோன்னு ஒரு ஊதற வாத்தியம் ஏதோ அழுத மாதிரி வாசிச்சிக்கிட்டு இருக்கு, ஆனா எனக்கு கேட்டது அது இல்ல, கீழ ஒரு செல்லோ, அதாவது கீழ்க்குரல்ல பேசற பெரிய வயலின் மாதிரி ஒண்ணு, யாரையும் கண்டுக்காம, பாலாத்து மணல்ல ஒரு ஆளு தனியா நடந்து போற மாதிரி நடந்துக்கிட்டே இருக்கு. ஓபோ மூச்சு வாங்க நிக்குது, இது நிக்கல. பாடறவங்க வந்தாங்க, இது நிக்கல. ஆற்காடு ஸ்டாப்பிங் தாண்டி ரெண்டு ஸ்டாப் போயி எறங்கி நடந்து வந்தேன் அன்னிக்கு.

அப்பறம் தேடிப் படிச்சா இதுக்கு பேரே இருக்கு, பாஸோ கன்டினுவோ. கன்டினுவோன்னா விடாம தொடந்து போறது. மேல இருக்கறவங்க வருவாங்க போவாங்க, கீழ இருக்கறவன் ஆரம்பிச்சதுலேர்ந்து முடியற வரைக்கும் எழுந்திரிக்க முடியாது. இசையமைப்பாளர் பேஸ் நோட்ட எழுதி அதுக்கு கீழ 6, 7ன்னு நம்பர் போட்டு விட்டுடுவார், கீபோர்டுல உக்காந்தவர் அந்த நம்பர பாத்து நடுவுல வர்ற கார்டையெல்லாம், அதாவது சேந்து ஒலிக்கற நோட்டுங்கள, அந்த நிமிஷமே தன் கையால நெரப்பிக்கணும். மேல ராகம், கீழ பேஸ், நடுவுல இருக்கறது வாசிக்கறவன் சாமர்த்தியம். எங்க கீபோர்டு தம்பி காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் படிக்கறவன், அவன்கிட்ட ஒரு பக்கத்த காட்டினேன், ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "ணா, இது ஸ்லாஷ் கார்டு மாதிரி தானே, இதுக்கு ஏன்ணா இவ்ளோ பில்டப்பு"ன்னான். முழுசா சரியில்ல, ஆனா அதுக்கு மேல நான் சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்கப் போறதில்ல.

ஆக இந்த சீசன் ஒரு பேஸ்காரன் போட்ட சீசன், அத ஆரம்பத்துலயே ஒத்துக்கறேன். என்ன பாடறது என்ன கேக்கறதுன்னு லிஸ்ட் போட்டது நான், அதுல கீழ்ப்பக்கம் சாஞ்சிருந்தா அது தற்செயல் இல்ல.

நவம்பர்ல முதல் சாயங்காலம் விவால்டியோட குளோரியா, லத்தீன்ல கடவுள துதிக்கற பாட்டு, அதுல மூணு பகுதி மட்டும். விவால்டி ஒரு பாதிரியாரு, வெனிஸ்ல பியத்தாங்கற ஒரு அனாதை விடுதில பொண்ணுங்களுக்கு வயலின் கத்துக்குடுத்தவரு, அவங்களுக்குன்னே எக்கச்சக்கமா எழுதிக் குடுத்தாரு. அந்த கொயர்ல ஆம்பளங்களே கெடயாது, இருந்தாலும் நோட்ஸ்ல பேஸ் லைன் எழுதி வெச்சிருக்கார், அது ஒண்ணுக்காகவே அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை. அவர் செத்ததுக்கப்பறம் இந்த குளோரியாவ ஒருத்தரும் சீண்டல, 1920கள்லதான் பழைய கையெழுத்துக் கட்டுங்க நடுவுலேர்ந்து கெடச்சுது, 1939ல சியன்னாங்கற ஊர்ல திரும்ப பாடினாங்க. இன்னிக்கு உலகம் பூரா கொயருங்க விரும்பி எடுக்கற பாட்டுல இதுவும் ஒண்ணு.

அன்னிக்கு நடந்த கூத்துக்கு முழுப் பொறுப்பும் நான். பரோக் காலத்து சுருதி இப்ப இருக்கறத விட கம்மி, இப்ப உலகம் பூரா 440 ஹெர்ட்ஸ், பரோக் வாத்தியக் கோஷ்டிங்க 415னு வெச்சுக்கறாங்க, அதாவது சுமார் அரை டோன் கீழன்னு எங்கயோ படிச்சுட்டு, ரிகர்சலுக்கு முன்னாடி சும்மா எப்படி இருக்குன்னு பாப்போம்னு கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டன ஒண்ணு கொறச்சு வெச்சேன். சூப்பரா இருந்துச்சு. திரும்ப ஏத்தி வெக்க மறந்துட்டேன். ப்ரோக்ராம் ஆரம்பிச்சுது, அந்த ஆரம்பம் எப்படின்னா வயலின் எல்லாம் டி நோட்டுல மேல ஒரு ஸ்தாயி கீழ ஒரு ஸ்தாயின்னு குதிக்கும், டங்கு டங்குன்னு, ரொம்ப சந்தோஷமா. வயலின் டில குதிக்குது, கீபோர்டு டி ஃப்ளாட்ல குதிக்குது. தகரத்த ரோட்ல இழுத்துட்டு போன மாதிரி ஒரு சத்தம். கீபோர்டு தம்பி பயந்து கைய எடுத்துட்டான். எங்க வயலின் சார் வில்லக் கீழ வெச்சுட்டு பொறுமையா திரும்பி, "தம்பி, நான் சங்கராபரணத்துல இருக்கேன், நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?"ன்னார். மைக் ஆன்ல இருந்துச்சு.

அந்த வயலின் சாரப் பத்தி சொல்லியே ஆகணும். ஆரணிப் பக்கம், கர்நாடக சங்கீத வாத்தியார், கொசப்பேட்டைல பசங்களுக்கு க்ளாஸ் எடுக்கறார். நாங்க கூப்ட்டப்ப "எனக்கு உங்க நோட்ஸ்லாம் படிக்க வராது, பாடிக் காட்டுங்க ஸ்வரம் எழுதிக்கறேன்"ன்னு சொல்லி பூரா பார்ட்டையும் ச ரி க ம போட்டு நாப்பது பக்க நோட்டுல எழுதி வெச்சிக்கிட்டார். தந்திய எங்களுக்காக மாத்தி சுருதி சேத்தார். சேர்ல உக்காந்து வாசிக்கச் சொன்னோம், ரெண்டு ரிகர்சல் பல்ல கடிச்சுக்கிட்டு உக்காந்தார், மூணாவது நாள் ஜமுக்காளத்த விரிச்சு கீழ உக்காந்துட்டார், வயலின் தல கணுக்கால்ல, அவர் பக்கத்துல நர்சிங் படிக்கற ஒரு கேரளா பொண்ணு நின்னுக்கிட்டு வயலின தாடைல வெச்சு வாசிக்குது, ரெண்டும் ஒரே நோட்டு. முத்துசாமி தீட்சிதர் சென்னை கோட்டைல வெள்ளக்காரன் பேண்டு வாசிச்ச மெட்டையெல்லாம் கேட்டு அதுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்ட நோட்டுஸ்வரம் பத்தி பேசினா சார் நிறுத்தவே மாட்டார், அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின கர்நாடக சங்கீதத்துக்கு கொண்டு வந்தது இன்னும் பெருசா பேசுவார். கமகம் மட்டும்தான் பிரச்சன. "சார், இந்த எடத்துல நோட்ட அசைக்காதீங்க சார்"ன்னா, "அசையல தம்பி, அதுவா அசையுது"ம்பார். ஹேண்டலோட ஏரியா, அதாவது ஒருத்தர் தனியா பாடற பாட்டு, ஒண்ணு போட்டுக் காட்டினேன், மொதல்ல ஒரு பகுதி, நடுவுல வேற ஒண்ணு, திரும்ப மொதல் பகுதி வரும்போது பாடறவங்க அவங்க இஷ்டத்துக்கு சிங்காரிச்சு பாடணும், அதுதான் அந்த காலத்து வழக்கம்னு சொன்னேன். "சங்கதிப்பா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார், கர்நாடக சங்கீதத்துல ஒரே வரிய மாத்தி மாத்தி அலங்கரிச்சு பாடறதுக்கு அதுதான் பேரு.

டிசம்பர்ல ஹேண்டலோட மெசையா, இயேசுவப் பத்தி கொயருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதின பெரிய படைப்பு. இது வேலூர் கிறிஸ்தவங்களுக்கு புதுசு இல்ல, அல்லேலூயா கோரஸ் தெரியாத கொயரே இங்க கெடயாது, கிறிஸ்மஸ் வந்தா எங்கயாவது ஒரு ஹால்ல அது கேக்கும். ஆனா அது கிறிஸ்மஸ் பாட்டே இல்லங்கறதுதான் பாதி பேருக்கு தெரியாது. மெசையால மூணு பாகம், அல்லேலூயா வர்றது ரெண்டாவது பாகத்து கடைசில, சிலுவைப்பாடு உயிர்த்தெழுதல் எல்லாம் முடிஞ்சு. ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22 ஆரம்பிச்சு செப்டம்பர் 14க்குள்ள மொத்தத்தையும் எழுதி முடிச்சுட்டார், 24 நாள், எங்க ஆபீஸ்ல ஒரு மாசக் கணக்க முடிக்கவே அத விட நாளாகும். மொதல் அரங்கேற்றம் லண்டன்ல இல்ல, அயர்லாந்துல டப்ளின்ல, 1742 ஏப்ரல் 13, கூட்டம் தாங்காதுன்னு பொம்பளங்கள வளையம் வெச்ச பாவாடை போட்டுக்கிட்டு வராதீங்க, ஆம்பளங்கள வாள் மாட்டிக்கிட்டு வராதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. வசூல்ல ஒரு பங்கு கடன் கட்ட முடியாம ஜெயில்ல கெடந்தவங்கள மீக்கப் போச்சு, 142 பேர் வெளிய வந்தாங்க.

அதே 1742ல நம்ம ஊர்ல இன்னா நடந்துச்சு தெரியுமா, அக்டோபர்ல ஆற்காடு நவாப் சப்தர் அலிய அவரோட மச்சான் முறை வர்ற முர்தசா அலி இங்க வேலூர்ல வெச்சே தீத்துக்கட்டிட்டான். அங்க அல்லேலூயா பாடி ஆறு மாசம் இங்க இந்த கத. கோட்டைப் பக்கம் சாயங்காலம் நடக்கப் போறப்ப அகழித் தண்ணியப் பாத்தா எனக்கு இப்பல்லாம் இது ரெண்டும் சேந்தே ஞாபகத்துக்கு வருது, ஏன்னு கேக்காதீங்க.

மெசையாவுல "ஃபார் அன்டு அஸ்"ங்கற கோரஸ், நமக்கொரு பாலகன் பிறந்தார்ங்கற ஏசாயா வசனம், அதுல "பார்ன்"ங்கற ஒரே வார்த்தைய புடிச்சுக்கிட்டு குட்டி குட்டி நோட்டா ஒரு ஓட்டம் ஓடணும், மூச்சு விட எடமே இருக்காது. அந்த மெட்ட ஹேண்டல் புதுசா போடல, அதே 1741 கோடைல தானே எழுதின ஒரு இத்தாலியன் காதல் டூயட்லேர்ந்து எடுத்துக்கிட்டார், "குருட்டுக் காதலே, உன்ன நான் நம்பவே மாட்டேன்"ங்கற மாதிரி ஒரு பாட்டு. இத நான் ரிகர்சல்ல சொல்லியிருக்கக் கூடாது. ரிட்டயர்டு பேங்க் அங்கிள் ஒருத்தர் எங்க பேஸ்ல இருக்கார், அவர் ஒரு வாரம் அந்த கோரஸ்ல வாயே தொறக்கல.

ஃபியூக் எப்படின்னு கொயர்ல புதுசா வந்த பசங்களுக்கு புரிய வெக்கறது பெரும்பாடு. ஒரே மெட்ட ஒருத்தர் ஆரம்பிக்கணும், அவர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் அதயே வேற சுருதில ஆரம்பிக்கணும், மொத ஆளு நிக்காம வேற ஏதோ பாடிட்டு போகணும், அப்பறம் மூணாவது ஆளு, நாலாவது ஆளு. எங்க மியூசிக் டீச்சர் அக்கா, அவங்கதான் கண்டக்டர், ரெண்டு வாரம் கைய ஆட்டி பாத்துட்டு ஒக்காந்துட்டாங்க. நான் சொன்னேன், புது பஸ் ஸ்டாண்டுக்கு காலைல ஏழர மணிக்கு வாங்க. ஒரு கண்டக்டர் "ஆற்காடு ராணிப்பேட்ட வாலாஜா"ன்னு ஆரம்பிப்பார், அவர் ராணிப்பேட்டைல இருக்கும்போதே அடுத்த பஸ்ஸுக்காரர் இன்னும் கொஞ்சம் மேல் சுருதில "ஆற்காடு"ன்னு எடுப்பார், மொத ஆளு அதுக்குள்ள "ஏறு ஏறு ஏறு எடம் கீது எடம் கீது"ன்னு வேற தாளத்துக்கு போயிருப்பார், மூணாவதா குடியாத்தம் வண்டி. யாரும் யாருக்கும் விட்டுக்குடுக்கறதில்ல, ஆனா ஒரு ஆளு சொல்றதும் நமக்கு கேக்காம போறதில்ல. இத சொன்னப்பறம் அல்ட்டோ பொண்ணுங்க கரெக்டா நுழைய ஆரம்பிச்சாங்க, ஆனா நுழையும்போதெல்லாம் சிரிச்சாங்க.

அல்லேலூயாவுலயும் நடுவுல ஒரு ஃபியூக் மாதிரி பகுதி வரும், "அண்ட் ஹி ஷல் ரெய்ன்"னு, அத ஆரம்பிக்கறது யாரு? பேஸ். இருவத்திரெண்டு வருஷத்துல எல்லாரும் வாய மூடிக்கிட்டு நாங்க மொதல்ல ஆரம்பிக்கற எடம் எனக்கு தெரிஞ்சு அது ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி எல்லாரும் மெதுவா ஒரு வரி பாடுவாங்க, அப்பறம் சத்தமா, அப்பறம் தனியா நாங்க. எங்க பேஸ்ல மொத்தம் நாலு பேர், நான், பேங்க் அங்கிள், டெய்லர் அண்ணன், மெடிக்கல் படிக்கற ஒரு மிசோரம் தம்பி. அந்தத் தம்பிதான் எங்க முதுகெலும்பு, மிசோரம்ல அவங்க எல்லாரும் சின்ன வயசுலேர்ந்தே டானிக் சோல்ஃபால, அதாவது டோ ரே மி எழுத்துல, பாடறவங்க, பேப்பர பாத்த ஒடனே பாடுவான். டீச்சர் அக்கா நாங்க பாடினத கேட்டுட்டு, "ரெய்ன்னா ஆளுகை, மழை இல்ல, நீங்க பாடறது வருண பூஜை மாதிரி இருக்கு, கம்பீரமா பாடுங்கப்பா"ன்னாங்க. டெய்லர் அண்ணன் "வேலூருக்கு ரெண்டுமே வோணும்க்கா"ன்னார்.

ப்ரோக்ராம் அன்னிக்கு மிசோரம் தம்பிக்கு எக்ஸாம். அங்கிளுக்கு சொந்தத்துல கல்யாணம், முகூர்த்தம் முடிச்சு வந்துடறேன்னவரு வாணியம்பாடிலயே பிரியாணில மாட்டிக்கிட்டார். மிச்சம் நானும் டெய்லர் அண்ணனும். அல்லேலூயா ஆரம்பிச்ச ஒடனே ஹால்ல பாதி பேர் எழுந்து நின்னாங்க, இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜார்ஜ் இத கேட்டு எழுந்தார்னு ஒரு கத சொல்லி சொல்லி அது உலக வழக்கமாவே ஆகிடுச்சு, ராஜா அன்னிக்கு அங்க இருந்ததுக்கே ஆதாரம் இல்லன்றாங்க, இருந்தாலும் நிக்கறாங்க. மீதி பாதி பேர் ஜெபம் ஆரம்பிச்சுடுச்சுன்னு நெனச்சு தலய குனிஞ்சு கண்ண மூடிக்கிட்டாங்க. எங்க எடம் வந்துச்சு. டெய்லர் அண்ணன் என் முழங்கைய புடிச்சுக்கிட்டார். ரெண்டு பேரும் ஆரம்பிச்சோம், என் சத்தம் எனக்கே தனியா கேட்டுச்சு, செவுத்துல பட்டு திரும்பி வந்துச்சு, அப்பறம் டெனர் நுழஞ்சாங்க, அல்ட்டோ, சொப்ரானோ, நாங்க திரும்ப அடில போயிட்டோம். மிஞ்சிப்போனா பத்து செகண்டு இருக்கும்.

ஜனவரி, பிப்ரவரி ரெண்டும் கேக்கற சாயங்காலம், சுருக்கமா சொல்லிடறேன். பொங்கல் முடிஞ்சு பாக்கோட பிராண்டன்பர்க் கன்சர்ட்டோ, வாத்தியக் கோஷ்டிக்கு எழுதினது, ஆறு இருக்கு, 1721ல பிராண்டன்பர்க் பிரபு ஒருத்தருக்கு அழகா எழுதி அனுப்பினது. நான் போட்டது ஆறாவது, ஏன்னா அதுல வயலினே கெடயாது, வயோலா, கம்பா, செல்லோன்னு பூரா கீழ்க்குரல் வாத்தியம்தான், வயலின் சார் முழுசா கேட்டுட்டு "நல்லா இருக்கு, யாரோ கல்யாணத்துக்கு போயிட்டாப்ல இருக்கு"ன்னார். பாகெல்பெல்லோட கேனனும் போட்டோம், நம்ம சர்ச் கல்யாணத்துல பொண்ணு உள்ள வரும்போது வாசிப்பாங்களே அதுதான், மேல மூணு வயலின் ஒண்ண ஒண்ணு தொரத்தும், கீழ பேஸுக்கு அதே எட்டு நோட்டு 28 தடவ. எண்ணிப் பாருங்கன்னு சொன்னேன், ஒரு சின்னப் பையன் மட்டும் நெஜமாவே வெரல் விட்டு எண்ணினான். பிப்ரவரில விவால்டியோட நாலு பருவம். அதுல கோடைக்கு ஒரு கவிதையும் சேத்து அச்சடிச்சிருக்காங்க, வெயில்ல மனுஷனும் வாடறான் மந்தையும் வாடுது மரமே பத்திக்குதுன்னு ஆரம்பிக்கும், அப்பறம் ஈ மொய்க்கறது வரைக்கும் வரும். அவர் நம்ம ஊர்ப் பக்கம் வந்து போயிருக்கணும்னு டீச்சர் அக்கா சொன்னாங்க.

கடைசி சாயங்காலம்தான் நான் சொல்ல வந்ததே. லெந்து நாள்ல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம் முன்னாடி, பாக்கோட மத்தேயு பாஷன், மத்தேயு சுவிசேஷத்துல வர்ற இயேசுவோட பாடுகள இசையா போட்டது. 1727 பெரிய வெள்ளிக்கு லைப்சிக்ல பாடினது, ரெண்டு கொயர் ரெண்டு ஆர்கெஸ்ட்ரா, ரெண்டே முக்கா மணி நேரம் ஓடும். பாக் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு 1829ல மெண்டல்சன்னு இருவது வயசுப் பையன் பெர்லின்ல திரும்ப எடுத்து நடத்தினப்பறம்தான் உலகத்துக்கே இது தெரிஞ்சுது. ஜெர்மன்ல ரெண்டே முக்கா மணி நேரம், வேலூர்ல யாரு உக்காருவாங்கன்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. டீச்சர் அக்காதான் வழி சொன்னாங்க, அதுல சுவிசேஷகர் பாடறது பூரா மத்தேயு 26, 27 அதிகாரம், வார்த்தைக்கு வார்த்த, அப்பறம் சப்டைட்டில் எதுக்கு, எல்லாரையும் வேதத்த எடுத்துட்டு வரச்சொல்லுன்னாங்க. நாப்பத்தஞ்சு பேர் மடில வேதபுத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு வெரல வசனத்து மேல வெச்சு நகத்திக்கிட்டே கேட்டாங்க. டீச்சர் அக்கா அப்பப்ப "இருவத்திரெண்டு"ன்னு வசன நம்பர மட்டும் சொல்லுவாங்க. அந்த 22ம் வசனத்துல சீஷருங்க எல்லாரும் ஆண்டவரே நானோ நானோன்னு கேப்பாங்க, பாக் அங்க ஆண்டவரேங்கற வார்த்தைய பதினோரு தடவ வெச்சிருக்கார், பன்னெண்டு இல்ல, யூதாஸ் கேக்கல. ஜனவரில கேனன எண்ணின அதே பையன் எண்ணிட்டு "பதினொண்ணு ணா"ன்னு கத்தினான்.

இயேசு பாடறது பேஸ். இத நான் யாருக்கும் சொல்லல, அவங்களே கேட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். அவர் வாயத் தொறக்கும்போதெல்லாம் பின்னாடி வயலின் எல்லாம் மெதுவா நீளமா ஒரு வெளிச்சம் மாதிரி பிடிச்சுக்கும், கடைசில ஏலி ஏலி லாமா சபக்தானி, என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்னு கேக்கறப்ப மட்டும் அந்த வயலின் இருக்காது. வயலின் சார் அந்த எடத்துல டக்னு நிமுந்து என்னப் பாத்தார், நான் தலையாட்டினேன். பிலாத்து யார விடுதலை பண்ணணும்னு கேக்கறப்ப கூட்டம் பரபாஸ்னு கத்தற எடம் ஒரே ஒரு கார்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாம வந்து விழும், ஸ்பீக்கர் வேற சத்தமா இருந்துச்சா, முன் வரிசைல ஒரு அம்மா மடியிலேர்ந்து மல்லாட்டை பூரா கொட்டிப் போச்சு.

அந்த பாஷன் முழுக்க ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும், அஞ்சு தடவ. கேட்ட ஒடனே நம்ம ஆளுங்களுக்கு தெரிஞ்சுடும், பெரிய வெள்ளிக்கு நம்ம கோயில்ல பாடற இரத்தம் காயம் குத்தும்ங்கற ஞானப்பாட்டு மெட்டுதான். அது மொதல்ல ஹாஸ்லர்ங்கறவர் 1601ல போட்ட காதல் பாட்டு, அப்பறம் ஜெர்மன் சபைல பக்திப் பாட்டாச்சு, அங்கேர்ந்து தமிழுக்கு வந்துச்சு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடில வந்து எறங்கினது 1706, அப்ப பாக்குக்கு இருவத்தோரு வயசு. சீகன்பால்கு படிச்ச ஹாலே ஊர்லதான் ஹேண்டல் பொறந்தது. பாக் 1719ல ஹேண்டல பாக்கணும்னு அந்த ஹாலேக்கு போயிருக்கார், தான் வேலை பாத்த கோத்தன்ங்கற ஊர்லேர்ந்து, இங்கேர்ந்து ராணிப்பேட்டை போற தூரம்தான் இருக்கும், போய்ச் சேந்தா ஹேண்டல் அன்னிக்குத்தான் ஊர விட்டுக் கெளம்பிட்டாராம். ஒரே வருஷம் பொறந்த ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பாத்துக்கவே இல்ல.

எங்க ஏற்பாடு என்னன்னா, அந்த மெட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் வீடியோவ நிறுத்திட்டு நாங்க பதினெட்டு பேர் எழுந்து அதே எடத்த தமிழ்ல, பாக் போட்ட நாலு குரல்லயே பாடறது. மேல ராகம் மாறாது, கீழ பேஸ் மாறும். ரெண்டாவது தடவ மட்டும் மொதல் தடவ வந்த அதே ஹார்மனி, ஆனா அரை டோன் கீழ, பேதுரு நான் உம்ம மறுதலிக்க மாட்டேன்னு வீராப்பா சொல்லி முடிச்ச கையோட. கீபோர்டு தம்பி என்னத் திரும்பிப் பாத்து டிரான்ஸ்போஸ் பட்டன ஒண்ணு கொறச்சான். இந்த தடவ வேணும்னே.

டெய்லர் அண்ணனோட அம்மா வந்திருந்தாங்க, எங்க எல்லாருக்கும் ஆயா. அணைக்கட்டு பக்கத்து ஊரு, படிக்கத் தெரியாது, மடில இருந்த வேதபுத்தகம் தலகீழா இருந்துச்சு. மொத தடவ நாங்க பாடினப்ப ஆயா சும்மா பாத்தாங்க. மூணாவது தடவலேர்ந்து கூட பாட ஆரம்பிச்சாங்க, மனப்பாடம், ஆனா அவங்க ஊர் வேகத்துல, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, ஒரு நோட்டுலேர்ந்து அடுத்த நோட்டுக்கு வழுக்கிக்கிட்டே. எங்கள விட அரை தாளம் பின்னாடி. டீச்சர் அக்கா கைய கொஞ்சம் வேகமா ஆட்டி எங்கள இழுத்துட்டு போகப் பாத்தாங்க. அஞ்சாவது தடவ, இயேசு ஜீவன விட்ட ஒடனே வர்றது, அதுலதான் பாக் பேஸுக்கு ஒரு வேல வெச்சிருக்கார், அரை அரை டோனா நெளிஞ்சு நெளிஞ்சு எறங்கும், ரெண்டு மாசம் வீட்ல அத மட்டும் பாடியிருக்கேன். மொத வரி முடிவுல நிறுத்தற எடம் வந்துச்சு, நாங்க நின்னோம், ஆயா இன்னும் வந்துக்கிட்டு இருந்தாங்க. நான் மூச்ச விடாம கீழ அந்த நோட்ட பிடிச்சுக்கிட்டே இருந்தேன், டெய்லர் அண்ணனும் விடல, மிசோரம் தம்பியும். டீச்சர் அக்கா கை மேலயே நின்னுச்சு. ஆயா வந்து சேந்தாங்க. அடுத்த வரி. திரும்ப நின்னோம், திரும்ப வந்தாங்க. வயலின் சார் ரெண்டாவது வரிலேர்ந்து எங்கள விட்டுட்டு ஆயாவோட போயிட்டார், கமகத்தோட, நான் ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்பறம் வீடியோவ போட்டா ஆலயத்துத் திரைச்சீலை கிழியற எடம், கிழிக்கறது பூரா கீழ இருக்கற வாத்தியம்தான், கடகடன்னு மேலேர்ந்து கீழ ஓடி நடுங்கும். எங்க ஸ்பீக்கருக்கு அது தாங்கல, கொரகொரன்னுச்சு. ஜன்னல் கண்ணாடி அதிந்துச்சு.

லைப்சிக்ல முதல் பாகத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல பிரசங்கம் வெச்சிருந்தாங்க, நாங்க டீ வெச்சிருந்தோம், அத சொல்ல மறந்துட்டேன். முடிஞ்சப்ப மணி எட்டே முக்கா. சேர மடிச்சு அடுக்கிக்கிட்டு இருந்தேன், அம்மா வந்து பக்கத்துல நின்னுக்கிட்டு "ஆயாவுக்கோசரம் ரொம்ப நேரம் ஜெனரேட்டர ஓட்டினியேடா, மூச்சு நின்னுடப்போவுதுன்னு நெனச்சேன்"ன்னாங்க. அப்பறம் சேர் ஒண்ணு கொறஞ்சுது, அது கார் ஷெட்டுல இருந்துச்சு.

அடுத்த சீசனுக்கு பாக்கோட கிறிஸ்மஸ் ஆரட்டோரியோ, கிறிஸ்மஸ் கதைய பாட்டா சொல்றது, எடுக்கலாம்னு க்ரூப்ல போட்டிருக்கேன். ஆறு பாகம், அவர் காலத்துல கிறிஸ்மஸ்லேர்ந்து ஜனவரி 6 வரைக்கும் ஆறு நாள்ல ஆறா பாடினது. "ஆறு நாளா, டீ யாரு போடறது"ன்னு மொதல் ரிப்ளை பேங்க் அங்கிள்கிட்டேர்ந்து. ஆரம்பமே டிம்பனி மேளம் தனியா அஞ்சு அடி அடிக்கும், எங்ககிட்ட டிம்பனி இல்ல. கீபோர்டு தம்பி பேட்ல போட்டுடலாம்னான். வயலின் சார் ஆரணில தனக்கு தெரிஞ்ச தவில்காரர் ஒருத்தர் இருக்கார்னார். தவில் வேணாம் சார்னு டீச்சர் அக்கா, ஏன் வேணாம்னு சார், நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு காலைல பஸ்ல பாத்தா இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.